வலிக்காத கால்

ரிங்லெட்,
20 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பி தினேசுக்கு,

அக்கா குமுதா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் உன் முகம் தெரிவதற்குள் லைன் போய்விடுகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். வலியைப் பற்றி ஆராய்ச்சி என்று மெல்பர்னில் எலிகளோடு குடியிருக்கிறாய், சரி. அம்மா போன பிறகு உன்னை வளர்த்த அக்காவுக்கு நாலு வரி எழுதினால் கை வலிக்குமா?

உன் மாமா இந்த வருஷம் மாரியம்மனுக்குத் தீமிதிக்கக் காப்புக் கட்டியிருக்கிறார். "ஒரு வருசமா கால் எரிச்சல்ல தூங்காம கெடந்தேன். ஆத்தா எடுத்துட்டா, நான் எறங்கணும்லா" என்கிறார். உண்மைதான், இப்போது எரிச்சல் துளியும் இல்லை. போன வாரம் கடைக்குப் போனவர் ஒற்றைச் சிலிப்பரோடு வந்து நின்றார். மற்றது கழன்றதே தெரியவில்லையாம்! தோட்டத்து லைன் வீடுகள் முழுக்கச் சிரிப்பு.

உன் அக்கா,
குமுதா


மெல்பர்ன்,
2 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஏச்சு வாங்கிக்கொண்டேன். மாமா செய்தி படித்து எனக்குத் தலைகால் புரியவில்லை. காலில் படும் சூடு நரம்பு வழியே முதுகுத்தண்டுக்குப் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. வழியில் ஒரு வாசல் உண்டு. மூளை நினைத்தால் தன்னுடைய மருந்தையே மேலிருந்து இறக்கி அதைச் சாத்திவிடும். பக்தியும் நம்பிக்கையும் சாத்த வல்லவை. நாங்கள் எலிகளை வைத்து மல்லுக்கட்டுவதை மாமா சும்மா செய்கிறார். பூக்குழியில் இறங்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டு எழுது.

உன் தம்பி,
தினேஸ்வரன்


ரிங்லெட்,
19 மே 2024

அன்புள்ள தம்பிக்கு,

பூக்குழியை எல்லாரும் ஓடிக் கடந்தார்கள். உன் மாமா கங்காணி தேயிலை நிரை பார்ப்பதுபோல நின்று நிதானமாக நடந்தார். பூசாரி அவருக்குத்தான் மாலை போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "பாத்தியா, படிச்சவனே சொல்லிட்டான்" என்று அதை அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

ஒன்று கேட்கிறேன். இடது பாதத்தில் கொப்புளம் உடைந்து கறுத்திருக்கிறது. மஞ்சள் அப்பியிருக்கிறோம். வலியே இல்லை என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு கொழுந்து வெட்டப் போகிறார். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகட்டுமா? "மச்சான்கிட்ட கேளு, அவன் சொன்னா வரேன்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே எழுது.

உன் அக்கா,
குமுதா


மெல்பர்ன்,
28 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வீணாகப் பயப்படாதே. வலி இல்லையென்றால் ஆழமாகச் சுட்டிருக்காது. மஞ்சளே போதும். மாமாவைப் பற்றி என் பேராசிரியரிடம் சொன்னேன், அசந்துபோனார். டிசம்பரில் வந்து மாமாவிடம் விவரமாகக் கேட்கப் போகிறேன்.

உன் தம்பி,
தினேஸ்வரன்


ரிங்லெட்,
3 ஆகஸ்ட் 2024

தினேசு,

நீ எழுதியபடி மஞ்சளையே அப்பினேன். மறு வாரம் வீட்டில் நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று அலமாரியை நகர்த்தித் தேடினேன். நாற்றம் அவர் பூட்ஸிலிருந்து வந்தது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இனிப்பு நீராம், ரத்தத்தில் சர்க்கரை பல வருஷமாக இருந்திருக்கிறது. நரம்பு செத்துப்போனதால்தான் எரிச்சல் நின்றதாம். "சிலிப்பர் கழண்டது தெரியலன்னா அப்பவே காட்டியிருக்கணும்மா" என்றாள் டாக்டர் பொண்ணு. நான் காட்டினேன். உனக்குத்தான் முதலில் எழுதினேன்.

இப்போது வலிக்கிறது. இல்லாத காலில் வலிக்கிறது. கட்டைவிரலை யாரோ நெருப்பில் பிடித்திருப்பதாகக் கத்துகிறார், லைன் முழுக்கக் கேட்கிறது. மாத்திரை எதற்கும் அடங்கவில்லை. கத்தி ஓய்ந்ததும் படத்துக்குப் பின்னாலிருந்து உன் கடிதத்தை எடுக்கச் சொல்கிறார். "மச்சான் ஏதோ வாசல் சாத்துறத எழுதியிருந்தானே, அத படி" என்கிறார். படிக்கிறேன். கண்ணை மூடிக் கேட்கிறார். மஞ்சள் போதும் என்று நீ எழுதியதை அவர் மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை. உன்மேல் உள்ள நம்பிக்கையையும் வெட்டி எடுத்துவிட்டால் அந்த மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது?

அந்த வாசலைச் சாத்த நிஜமாகவே ஒரு வழி இருந்தால் எழுது. உறைமேல் அவர் பெயரைப் போடு. நான் வாசித்துக் காட்டுகிறேன். எனக்கென்று அதில் ஒரு வரியும் வேண்டாம்.

குமுதா