மல்லி வியாபாரிக்குக் காப்பி போடத் தெரியாது

விருதுநகர்,
12-11-1959

அன்புள்ள பொன்னுத்தங்கத்துக்கு,

நான் நலமாக இல்லை. நீ உன் அண்ணன் வீட்டில் நலமாக இருப்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

நீ ஜெயக்கொடியைக் கூட்டிக்கொண்டு போன மறுநாளே மழை. எனக்குச் சளி. காலையில் உன் சுக்குமல்லிக் காப்பி இறங்காத தொண்டை, ஓட்டை நாயனம் மாதிரி ஊதுகிறது. மண்டியில் மல்லி மூடைமேல் உட்கார்ந்து வியாபாரம் பண்ணுகிறவனுக்கு ஒரு தம்ளர் காப்பி வராதா என்று நானே அடுப்படியில் இறங்கினேன். மிளகு புகைந்து தெருவே தும்மியது. எதிர்வீட்டுப் பஞ்சம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, பேய் ஓட்டுறீகளா? மதினி எப்ப வருவாக?" என்றாள். நீ ஓய்வுக்குப் போயிருக்கிறாய் என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இந்நேரம் சாத்தூர் தாண்டியிருக்கும்.

செய்முறையை எழுதி அனுப்பு. நீயே வந்துவிட்டால் தபால்காரருக்கு நடை மிச்சம்.

இப்படிக்கு,
சங்கரலிங்கம்


விஸ்வநத்தம்,
16-11-1959

ஜெயக்கொடி அப்பாவுக்குப் பொன்னுத்தங்கம் எழுதிக்கொண்டது.

சுக்குக்குத் தோல்தான் நஞ்சு. சீவியிருக்க மாட்டீக. இப்போதைக்கு அதை மட்டும் சொல்கிறேன்.

உங்க அக்கா வீட்டுக்குப் போனீகளா? கட்டினவளை அடித்து விரட்டின அவுக மகன் காளிராஜுக்கு நம்ம பிள்ளையை இரண்டாந்தாரமாகத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தீகளே, அதைத் திருப்பி வாங்கினீகளா? தை பிறந்தால் பரிசம் போட வருவாக. வாசலில் வண்டி நின்றாலே அத்தை வந்துவிட்டாக என்று பிள்ளை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறாள். சோறு இறங்கவில்லை.

பொன்னுத்தங்கம்


விருதுநகர்,
25-11-1959

அன்புள்ள பொன்னு,

தோல் சீவினேன். சுக்கில் கொஞ்சம், கட்டைவிரலில் நிறைய. காப்பி கசக்கிறது. அடுத்து என்ன செய்ய?

அக்கா வீட்டுக்கும் போனேன். தாயில்லாத என்னைத் தூக்கி வளர்த்தவள். "வாலே, பரிசச் சேலை எடுத்தாச்சு" என்று இட்லியை வைத்தாள். தின்றுவிட்டு வந்துவிட்டேன். வாயில் இட்லி இருந்ததால் பேச முடியவில்லை என்று எழுதினால் சிரிப்பாயா? முன்பெல்லாம் சிரிப்பாய்.

வீட்டில் ஒரு பாத்திரம் உருளும் சத்தம்கூட இல்லை. நானே ஒன்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். வந்துவிடு.

உன்,
சங்கரலிங்கம்


விஸ்வநத்தம்,
2-12-1959

ஜெயக்கொடி அப்பாவுக்கு,

தோல் சீவின சுக்கு ஒரு பங்கு, மல்லி இரண்டு பங்கு. மிளகு, திப்பிலி, ஏலம் கொஞ்சம். மல்லியை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டு, எல்லாவற்றையும் இடித்துச் சலித்து வையுங்க. தண்ணீர் கொதித்ததும் பொடி. கொஞ்சம் வற்றியதும் கருப்பட்டி. சளிக்குத் துளசி. வடிகட்டிக் குடிங்க.

எல்லாம் சொல்லிவிட்டேன். இனி என்னிடம் கேட்க உங்களுக்கு ஒன்றும் இல்லை. அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வேலை கேட்டிருக்கிறேன். நானும் பிள்ளையும் இங்கனயே இருந்துகொள்வோம். கடிதம் வேண்டாம்.

பொன்னுத்தங்கம்


விருதுநகர்,
4-12-1959

பொன்னு,

செய்முறையில் ஒரு குறையும் இல்லை. அதைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். உப்பு டப்பா எங்கே என்றுகூட எனக்கு நீ சொன்னதில்லை. நீயே எடுத்துத் தருவாய்.

கடிதத்தைப் படித்த கையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். இட்லி வைத்தாள். உட்காரவில்லை. "எம் பிள்ளையத் தர மாட்டேங்க்கா" என்றேன்.

"ஏலே, நான் ஊட்டி வளத்த வாயாலே இது? இனி எம் பிணத்துக்கும் நீ வரக்கூடாது" என்று தட்டை வாசலில் வீசினாள். காளிராஜ் சட்டையைப் பிடித்தான். அவனிடமும் அதையே சொன்னேன்.

நம்ம தெருவுக்கு வந்து நின்று அழுதேன். பஞ்சம்மாள் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். எழுத ஒரு வேடிக்கையும் வரவில்லை.

நீ எழுதிய தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. எனக்குக் காப்பி போடத் தெரியாது, பொன்னு.

சங்கரலிங்கம்


விஸ்வநத்தம்,
9-12-1959

ஜெயக்கொடி அப்பாவுக்கு,

பிள்ளை நேற்றுச் சாப்பிட்டாள்.

மல்லியை நீங்க வறுக்க வேண்டாம், கருக்கிப்போடுவீக. சுக்கை மட்டும் சீவி வெயிலில் போட்டு வையுங்க. விரல் பத்திரம்.

பொன்னு