வாழைமரம் கட்டிய படகு

அப்பா,

உங்களை எழுப்பப் பயமாக இருந்தது. பூசைக்காகப் படகின் இரண்டு பக்கமும் நீங்கள் கட்டிய வாழைமரங்களை அவிழ்த்துவிட்டேன். படகை லாரியில் கட்டி இழுத்துப் போகத் தந்த பெர்மிட்டில் எழுதியிருக்கும் அகலம் படகுக்கு மட்டும்தான். நேற்று வழியில் பெடாஸில் போலீஸ்காரர் மரத்தையும் சேர்த்து அளந்துதான் உங்களைத் திருப்பி அனுப்பினார். அதைச் சொன்னதற்கு, "படிவம் மூணோட பள்ளிக்கூடத்த விட்டவ எனக்கு ரூல் சொல்லாத லா!" என்று கத்தினீர்கள்.

பெர்மிட் இன்றோடு முடிகிறது. இருட்டிய பிறகு படகை இழுக்கக் கூடாது. அதற்குள் சி ரூசா கடற்கரைக்குப் போய்ச் சேருங்கள். லாரிச் சாவி சாமி படத்துக்குப் பின்னால். படகின் பின்பக்கம் சிவப்புத் துணி கட்டிவிட்டேன்.

அத்தை வீட்டில் இருப்பேன். கோபம் தீர்ந்ததும் ஹாரன் அடியுங்கள், நானும் வருகிறேன்.

துர்கேஸ்வரி

பி.கு.: சட்டியில் வாழைத்தண்டுக் கூட்டு இருக்கிறது. எந்த வாழை என்று கேட்காமல் சாப்பிடுங்கள்.