விரல் வைக்காத காகிதம்

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசியோடு சொல்வது. எழுதுவது, நான் வேலை பார்க்கும் டியூஷன் வகுப்புக் கட்டடத்தின் கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், மெருகு போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவருக்கு என் பேச்சா புரியாது?

முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. படியில் விழுந்தது என் கால் செய்த தப்பில்லை. ஈரம் காயாமல் படியைத் துடைத்தவன் செய்த தப்பு. துடைத்தவனும் நான்தான் என்பது வேறு விஷயம். பேத்திக்கு முன்பல் விழுந்ததாக மாப்பிள்ளை போனில் சொன்னார். எனக்கும் அதே பல்தான் இல்லை என்று அவளிடம் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். பத்தொன்பது வருடமாக அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறேனே தவிர, உட்கார்ந்ததில்லை. எலிக்குத் தேங்காய்ச் சில் வைக்கிறார்கள் என்று அப்போதே மனம் சொல்லிற்று. மேசையில் ஒரு காகிதம், பக்கத்தில் மைப்பெட்டி. முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க ஒரு மாத லீவு, கட்டைவிரலை வைத்தால் போதும் என்றார்.

கைநாட்டு வைப்பவருக்குக் காகிதத்தை வாசித்துக் காட்ட வேண்டும், சாட்சி ஒருவர் இருக்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி. சாட்சிக்கு இங்கிலீஷ் வாத்தியாரை உட்கார வைத்திருந்தார். மேனேஜர் விதி தவறாதவர். வாசித்தார், இங்கிலீஷில், ரயில் போகிற வேகத்தில். என்ன மொழியில் வாசிக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை போலிருக்கிறது. அங்கேதான் அவர் சறுக்கினார்.

உனக்கே நான் இதைச் சொன்னதில்லை. தினமும் ஒன்பது மணிக்கு வாத்தியார் பலகையில் பத்துக் கஷ்டமான வார்த்தைகள் எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்லுவார். பிறகு பிள்ளைகள் சொந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாதவர்கள் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும். மணி அடிப்பவன் நான். கதவோரம் என் ஸ்டூல். எழுத்தெல்லாம் எனக்குக் கோழி கிளறின மண். காதில் விழுந்தது மட்டும் கல்லில் வெட்டினது. ‘ரிடண்டன்ட்’ என்றால், மழை பெய்யும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற தோட்டக்காரன். ‘அப்ஸ்டினேட்’ என்றால், தள்ளினாலும் நகராத கழுதை. ‘ரெலக்டன்ட்’ என்றால் குளிக்கப் போகும் பூனை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நானும் மனதுக்குள் வாக்கியம் அமைப்பேன். உன் அம்மா ரெலக்டன்டாகச் சிரிப்பாள். இது நான் அமைத்தது.

மேனேஜர் வாசித்ததில் ‘ரிசைன்’ வந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் எழுதிக் கொடுக்கிற வார்த்தை. அதை ஒட்டியே ‘வாலண்டரிலி’ வந்தது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் வாத்தியார் அதற்குச் சொன்ன வாக்கியம்: பஸ்ஸில் ஒருத்தி, யாரும் சொல்லாமலே எழுந்து கிழவிக்கு இடம் கொடுத்தாள். நான் யாருக்கும் இடம் கொடுக்கவில்லையே. எழுந்து நின்றேன்.

“சார், ஐ ஆம் நாட் ரிசைனிங் வாலண்டரிலி.”

யார் சொல்லிக் கொடுத்தது என்று மேனேஜர் கேட்டார். மைக்காகக் காத்திருந்த கட்டைவிரலாலேயே சாட்சியைக் காட்டினேன். வாத்தியார் தலை நிமிரவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

“பெரியவரே, நீங்க ரொம்ப அப்ஸ்டினேட்” என்றார் மேனேஜர்.

“ஆமா சார். ஆனா மூட்டைய சுமக்கிறதும் அந்தக் கழுததான்” என்றேன்.

அந்த எரிச்சலில்தான் அவர் வாய் தவறிச் சொன்னார். “உங்க மக போன் பண்ணி, அப்பாவ வேலைய விட்டு எங்கிட்ட அனுப்பி வைங்கன்னு அழுதாங்க. அவங்க கேட்டதத்தான் நான் செஞ்சேன்.”

எழுந்து நின்றவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

உன்மேல் கோபமில்லை என்று சொல்ல வந்தேன். பொய் எதற்கு, இருக்கிறது. உன் அம்மா விழுந்து போய்ச் சேர்ந்த அன்று பக்கத்தில் யாருமில்லாமல் போனது உனக்குள் முள்ளாகக் கிடக்கிறது. எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே இடத்தில்தான் குத்துகிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அவராவது புரியாத மொழியில் வாசித்தார். நீ எனக்கு வாசிக்கவே இல்லை.

அந்தக் காகிதம் இழுப்பறைக்குள் போய்விட்டது. திரும்ப எடுப்பாராக இருக்கும், எடுக்கட்டும். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வழக்கம்போல் மணி அடித்தேன். ஒரு விநாடி கூடுதலாகவே அடித்தேன். என்னை மழை நாள் தோட்டக்காரன் ஆக்க உனக்கும் உரிமையில்லை, மேனேஜருக்கும் இல்லை. உன் வீட்டுக்கு வருவேன். வகுப்பு விடுமுறையில், பெட்டியை நானே கட்டிக்கொண்டு, திரும்பி வர டிக்கெட்டோடு.

இனி என்னைப் பற்றிப் பேச வேண்டுமானால் என்னோடு பேசு. பதிலில் கஷ்டமான வார்த்தை ஒன்று போட்டு, என்னையும் உன் அம்மாவையும் வைத்து ஒரு வாக்கியம் எழுது. மருந்துக்கடை அம்மா படித்துக் காட்டுவார். வாக்கியம் உன் சொந்தமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டியதுதான். மணி இன்னும் என் கையில்தான் இருக்கிறது, கண்ணு.

நீயும் குழந்தையும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருங்கள்.

உன் அப்பா.

கீழே இருப்பது என் கட்டைவிரல் ரேகை. வாலண்டரிலி வைத்தது.