கோட்டோடு திரும்பிய மீன்குஞ்சு

ஐப்பசி, வியாழன் இரவு.

தூக்கமே வரவில்லை. இன்று எங்கள் காலாப்பட்டு ஆய்வகத்தில் ஒரு மீன்குஞ்சுக்குக் கண் தெரிந்தது!

அண்ணனுடைய விழித்திரையில் எந்த மரபணு பழுதோ, அதே மரபணுதான் இந்தக் குஞ்சுகளுக்கும் பழுது. பார்வையுள்ள குஞ்சு, தொட்டிக்கு அடியில் கறுப்புக் கோடுகள் நகர்ந்தால் அவற்றோடு சேர்ந்து நீந்தும். எங்கள் குஞ்சுகள் இதுவரை சும்மா மிதந்துகொண்டுதான் இருந்தன. முட்டையிலேயே நல்ல மரபணுவைச் செலுத்தி வளர்த்த குஞ்சு ஒன்று, இன்று கோடுகளோடு போனது. நான் நம்பவில்லை. தண்ணீர் அசைந்திருக்கும் என்று நினைத்து, கோடுகளை எதிர்ப்பக்கம் ஓடவிட்டேன். அதுவும் திரும்பியது! கத்தியே விட்டேன்.

இருட்டில் பார்வை மங்கியதால், விடியுமுன் கடலுக்குப் போவதையே நிறுத்தியவன் அண்ணன். உடனே அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"மீனுக்குக் கண்ணு வந்துடுச்சா? அப்பறம் வலையப் பாத்துட்டு ஓடிடுமே, நம்ம பொழப்பு என்னாவறது?" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

மனிதருக்கு எப்போது என்று கேட்பான் என்று பயந்தேன். கேட்கவில்லை.

"நாளைக்கு வரேன், எனக்கு அந்தக் குஞ்சக் காட்டு" என்றான். "பகல்ல இன்னும் நல்லாத்தான் தெரியுது."