சுண்டுவிரலில் ஒரு சுற்று

இன்று காலை உல்லன் நூல் மூட்டையைப் பிரித்தேன். பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்ததும் உன் நினைவுதான் வந்தது.

உப்பளம் பகுதியில் இருந்த பின்னல் கூடத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். பிரான்சுக்குப் போகும் குழந்தை ஸ்வெட்டர்களைப் பின்னினோம். நீ நூலை வலக்கையில் பிடித்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசிமேல் சுற்றிப் போடுவாய். நான் நூலை இடக்கையில் பிடித்து, வலக்கை ஊசியால் கொத்தி இழுப்பேன். எனக்கு வேகம் வந்தது, உனக்கு அழகு. அதனால் மாதிரி ஸ்வெட்டர் பின்னும் வேலை உனக்குக் கிடைத்தது.

ஒருநாள் நான் முடித்துவைத்த முதுகுப் பகுதியைத் தூக்கிக் காட்டி, "பீச்சாங்கை பின்னலு, பாருங்கடி!" என்று எல்லார் முன்னாலும் நூலை உருவிப் பிரித்துவிட்டாய். இரண்டு நாள் வேலை. கூடமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்; வேறு என்ன செய்வது?

பத்து வருடம் போயிற்று. உன் வலது ஆள்காட்டி விரல் முட்டி வீங்கிவிட்டது. நூலைச் சுற்ற முடியாமல் என் வீட்டைத் தேடி வந்தாய்.

"போன்ல வீடியோ பாத்தேன், சட்டுசட்டுனு போவுது, ஒண்ணும் புரியல. உன்னமாரி எடது கைல புடிக்கக் கத்துக்குடுடி. வேலை போயிடும் போல."

கற்றுக்கொடுத்தேன், பாதியை மட்டும். நூலை முதலில் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள வேண்டும். நூல் இறுக்கமாக வருவது அதனால்தான். அதை விட்டுவிட்டு, ஆள்காட்டி விரல்மேல் நூலை வெறுமனே போட்டுக் காட்டினேன். பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் என் விரல்களை நீ ஒருமுறைகூட உற்றுப் பார்த்ததில்லை.

"நூல் வழுக்குதேடி?"

"பழகப் பழக சரியாயிடும்."

ஒரு மாதம் பழகினாய். கண்ணிகள் தொளதொளவென்று வந்தன. மூன்று ஸ்வெட்டர்களைத் திருப்பிக் கொடுத்த கூடத்து மேடம், நான்காவதோடு உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மாதிரி வேலை எனக்கு வந்தது. கிளம்பும்போது என் தோளைத் தொட்டாய். "நீ நல்லாத்தான் சொல்லிக்குடுத்த. என் கைக்குத்தான் வரல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் போதும். ஆனால் அன்று எனக்கு வருத்தம் வரவில்லை, இனித்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் மாரடைப்பில் போய்விட்டாய். லாஸ்பேட்டையில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"யாருமே கண்டுக்காதப்ப நீங்க ஒருத்தர்தான் கூட உக்காந்து கத்துக்குடுத்தீங்களாம். கடைசி வரைக்கும் அம்மா சொல்லிக்கினே இருந்தாங்க."

"ஆமாம்மா" என்றேன்.

நீ கொடுத்துவிட்டுப் போன அந்த நல்ல பெயரை இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.