மஜீது மாஸ்டர் இருந்த இடத்தில் பரீதா

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்
ஆகஸ்ட் 1966

அன்பு மகள் சிவகாமசுந்தரிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், அந்தச் சீமைக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் காளியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் தேக்கா சந்தைக்குள் நுழைகிறேன். புது வீட்டில் தண்ணீர், விளக்கு எல்லாம் வசதிதான், ஆனால் லிஃப்ட் நம் மாடியில் நிற்பதில்லை, படி ஏறி வந்தால் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. நர்ஸ் படிப்பில் வேலை அதிகம் என்று எழுதியிருந்தாய், வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போகாதே.

உனக்கு ஒரு செய்தி. உங்கள் கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவுக்குப் பயிற்சி தருவதிலிருந்து மஜீது மாஸ்டர் விலகிவிட்டார், முழங்கால் வலி தாங்கவில்லையாம். நீ கப்பல் ஏறிய பிறகும் ஒரு ஆட்டம் விடாமல் போய்ப் பார்க்கிறவள் நான், எனக்குச் சொந்தத்தில் ஒருவர் ஊரை விட்டுப் போன மாதிரி இருந்தது. மழை விட்டதும் உங்களோடு சேர்ந்து அவரும் சாக்கைப் போட்டுத் தரையைத் துடைப்பாரே, அது கண்ணிலேயே நிற்கிறது. தோற்ற நாளில்தான் உங்களுக்குக் கடையில் சுடச்சுட மீ கோரெங் வாங்கித் தருவார். ஏன் என்று கேட்டதற்கு, ஜெயித்த பிள்ளைக்கு வீட்டில் சோறு இறங்கும், தோற்ற பிள்ளைக்கு இறங்காது என்றார்.

அவர் இடத்துக்கு உன்னோடு ஆடிய பரீதாவைப் போட்டிருக்கிறார்கள். பாதி ஆட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தவளா என்று எல்லோருக்கும் கோபம். அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்க்கும் வடிவேலு, தகர டின்னைத் தட்டிக்கொண்டு ஆட்டத்துக்கு வருவாரே, அவர் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். கேப்டனாக இருந்த சிவகாமிதான் வர வேண்டும், படிப்பை முடித்ததும் நேரே இங்கே வரச் சொல்லி எழுதுங்கள் என்றார். நீ இங்கே இருப்பாய் என்று நினைத்ததும் எனக்கு மனசு துள்ளியது. பரீதாவின் முதல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன்.

போன சனிக்கிழமை போனோம். மாஸ்டர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பந்து வெளியே போகும்போதெல்லாம் பெண்கள் பரீதாவைப் பார்க்காமல் அவரையே பார்த்தார்கள். மாஸ்டர் இறங்கி வாங்க என்று வடிவேலு ஆட்கள் கத்தினார்கள். பரீதா திரும்பவில்லை, ஆனால் அவள் காது சிவந்ததை நான் பார்த்தேன். மாஸ்டர் கைத்தடியை ஊன்றி எழுந்து வெளியே போய்விட்டார். வலியோ என்று நான் பின்னால் ஓடினேன். மதில் சுவரில் சாய்ந்து, உள்ளே பந்து தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. “நான் உள்ள இருந்தா அதுங்க என்னையே பாக்குதுங்க ரத்தினம்மா. நான் வந்த புதுசுல அதுங்களுக்குப் பாக்க வேற ஆள் இல்ல, அதனாலதான் நான் மாஸ்டர் ஆனேன்” என்றார்.

நான் உள்ளே திரும்பினேன். பெண்கள் காலி இடத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருத்தியாகப் பரீதா பக்கம் திரும்பினார்கள். பரீதா, எதிரணியின் உயரமான பெண்ணுக்கு முன்னால் நம் குட்டைப் பெண்ணை ஓட விட்டு, பந்து அவள் கைக்கே போகாமல் செய்தாள். மாஸ்டர் ஒருநாளும் அப்படி ஆடச் சொன்னதில்லை. ஒரு கூடையில்தான் தோற்றோம், கத்திக் கத்தி என் குரல் போய்விட்டது. மாஸ்டர் மாதிரி இன்னொருவர் வேண்டும் என்று நாமெல்லாம் கேட்டதே தப்பு, வந்தவளை அவள் மாதிரி இருக்க விட வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வடிவேலு, சிவகாமிக்கு எழுதுகிறீர்களா என்றார். அந்த இடத்துக்கு ஆள் வந்தாயிற்று, என் மகளைக் கூப்பிட மாட்டேன் என்றேன். இறங்கும்போது அவர், அடுத்த ஆட்டம் எங்கே என்று கேட்டார்.

உன்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வேறு, அது எனக்கு எப்போதும் உண்டு. படிப்பை முடித்துவிட்டு எனக்காக வா, பந்துக்காக வராதே. உன் உடம்பும் படிப்பும் நல்லபடி இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மறந்துவிடாதே, பரீதாவுக்கு உன் கையால் இரண்டு வரி எழுது. கேப்டன் எழுதினால் அவளுக்குத் தெம்பு வரும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரத்தினம்மா