சுவரொட்டிக்குக் கேட்ட படம்

பங்னிர்டுங், வட கனடா,
ஏப்ரல் 14, 2009

இறந்துபோன என் அண்ணன் பெயரைச் சுமந்து பிறந்த மகள் இக்காலுக்குக்கு,

அண்ணா, இங்கே நாங்கள் சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. மொன்றியலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை விமானத்தில் உன் கடிதம் வந்தது, அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, தேநீரை அடுப்பில் வைத்துவிட்டு மறக்கிறேன், தைத்ததையே பிரித்துப் பிரித்துத் தைக்கிறேன். பக்கத்து வீட்டு ஊலீப்பீக்கா பார்த்துவிட்டு, ஏண்டி லீட்டியா, பனிக்கடியில மூச்சுத் துளை தேடுற கடல்நாய் மாதிரி அலையுறே என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் சிநேகிதிகள் கடல்நாய் வேட்டைக்கு எதிராகச் சுவரொட்டி அடிக்கிறார்கள், அப்பா துப்பாக்கியோடு ரத்தப் பனியில் நிற்கிற படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். பக்கத்தில் நீ நிற்பாயாம், அந்த வீட்டிலிருந்து தப்பித்து வந்த பெண்ணாக. அங்கே ஆண்கள் கொல்வார்கள், பெண்கள் வாய் திறக்க முடியாது என்று அவர்கள் சொன்னதற்கு நீ மறுப்பே சொல்லவில்லையாம். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். படமா, அப்ப தலையச் சீவிக்கிட்டு நிக்கட்டுமா என்று கேட்டார், பிறகு வெளியே போனவர் சாப்பாட்டுக்கு வரவில்லை.

உனக்குத் தெரியாதா? கடல்நாயை இழுத்து வந்து வாசலில் போடுவதோடு அவர் வேலை முடிந்தது. அதன் ஆவியின் தாகம் தீர வாயில் நல்ல தண்ணீர் ஊற்றுவது நான், அறுப்பது நான், யார் வீட்டுக்கு எந்தத் துண்டு என்று சொல்வது நான். தோலும் என்னுடையதுதான், ஒருமுறை என்னைக் கேட்காமல் ஒரு தோலை விற்றுவிட்டு இரண்டு நாள் தன் தங்கை வீட்டில் போய்ச் சாப்பிட்டார். அந்தச் சுவரொட்டிகளில் வருகிற வெள்ளைக் குட்டியை நம் ஊரில் யாரும் தடியால் அடித்ததும் இல்லை.

இதே மாதிரிப் படங்களைத் தெற்கே ஊர் ஊராக ஒட்டியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. தோலை வாங்க ஆளில்லாமல் போயிற்று, முதலில் எங்கள் ஊசிகள் சும்மா கிடந்தன, பிறகு பனிவண்டிக்குப் பெட்ரோல் இல்லை, அண்ணன் குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து பனியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போனது விபத்து என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். விபத்து இல்லை, அவனாகத்தான் போனான். அந்த வருஷமே நீ பிறந்தாய், அவன் பெயரை உனக்கு வைத்தேன், பெயரோடு அவனே திரும்பி வந்தான் என்று அன்றிலிருந்து உன்னை அண்ணா என்று கூப்பிடுகிறேன், நீ வளர்ந்ததும் பெண் என்று பாராமல் அவன் துப்பாக்கியையும் உன் அப்பா உனக்கே கொடுத்தார். வாய் திறக்காத பெண்ணாகவா உன்னை வளர்த்தோம்? என் அண்ணனே போய் அந்தச் சுவரொட்டியில் நிற்பானா?

அப்பாவின் படம் ஒன்று இருக்கிறது, அதை அனுப்பமாட்டேன். போன வாரம் ஊலீப்பீக்கா எடுத்த என் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். முழங்கை வரைக்கும் ரத்தம், கையில் என் அரைவட்ட ஊலுக் கத்தி, வாயில் ஈரல், எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறேன். இதைப் போடச் சொல். போடமாட்டார்கள், ஏன் போடவில்லை என்று கேட்டு எனக்கு எழுது.

பொட்டலத்தில் கடல்நாய்த் தோலில் தைத்த புதுக் காலணி இருக்கிறது, தோலை நானே மென்று பதப்படுத்தியது, தெருவில் யார் முறைத்தாலும் கழற்றாதே, உனக்கு விரல் சீக்கிரம் விறைத்துப்போகும். கடலும் காற்றும் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். ஒருமுறை உன்னை அந்தப் படங்களிடம் பறிகொடுத்துவிட்டேன் அண்ணா, இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது.

உன்னைப் பெற்ற உன் தங்கை,
லீட்டியா